மறு: வளவு ரயில் சொற்கள் – ‘கேஜ்’ என்பதற்கு ‘உள்ளகலம்’

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

வளவு ரயில் சொற்பட்டியலில் பாதைமாற்றி, கொளுக்கி, சிலிப்பர் கட்டை எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டன. ‘கேஜ்’, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் உள்ள தூரம், மட்டும் இழுபடுகிறது. இதுவரை வந்தவை: தண்டவாள இடைவெளி, பாதை அகலம், கணிச்சி, இல்லாவிட்டால் கேஜ் என்றே விட்டுவிடுவது. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: உள்ளகலம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வளவு ரயில் என்று நாங்கள் சொல்வது மேசையில் ஓடும் விளையாட்டு ரயிலை அல்ல. ஆட்கள் ஏறிக் குந்திக்கொண்டு போகக்கூடிய சிறு ரயில். வீட்டு வளவிலோ பூங்காவிலோ தண்டவாளம் போட்டு, நிலக்கரியிலோ பெற்றோலிலோ மின்கலத்திலோ ஓட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால், தண்டவாளம் போடும் அளவு நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானியாவில் மூன்றரை, ஐந்து, ஏழேகால் அங்குலம் வழக்கம். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஏழரை. ஓரிகன் மாநிலத்தில் இருக்கிற டிரெயின் மவுண்டன் என்ற மிகப்பெரிய பாதையும் ஏழரைதான். ஆனால் அதே ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில் ஏழேகால். ஐந்துக்குப் பதிலாக நாலேமுக்கால் போட்டவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஏழேகாலுக்கும் ஏழரைக்கும் வித்தியாசம் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இந்தக் கால் அங்குலத்தால் ஒரு கழகத்தின் எஞ்சின் மற்றக் கழகத்தின் பாதையில் ஓடாது. ஏழரைக்குச் செய்த சில்லுச் சோடியை (சக்கரச் சோடியை) ஏழேகால் பாதையில் வைத்தால் சில்லின் விளிம்பு தண்டவாளத்துக்கு மேல் ஏறி நிற்கும். ஏழேகாலை ஏழரையில் வைத்தால் நேர்ப்பாதையில் ஒருவேளை உருளும். பாதை பிரியும் இடத்தில் தடம் புரளும்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘தண்டவாள இடைவெளி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்குமே. பிறகு ஏன் புதுச்சொல்?

விளங்கும் அண்ணை. ஆனால் இரண்டு விதமாக விளங்கும். இரண்டு தண்டவாளத் துண்டுகள் முனையோடு முனை சேரும் இடத்திலும் ஓர் இடைவெளி விடவேண்டும். ஆறு மீற்றர் நீள இரும்பு, விடியற்காலைக்கும் ஆவணி மாத நடுமத்தியானத்துக்கும் இடையில் 30 பாகை சூடேறினால் இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடவே நீளும். நிழல் இல்லாத எங்கள் வெளிகளில் வெயிலில் கிடக்கும் இரும்புக்கு 30 பாகை பெரிய காரியமே இல்லை. அந்த இடைவெளியை விடாவிட்டால் பாதை பாம்புபோல நெளிந்துவிடும். ஆகவே ஒரே வரைபடத்தில் ‘தண்டவாள இடைவெளி 2’ என்றும் வரும், ‘தண்டவாள இடைவெளி 184’ (ஏழேகால் அங்குலம், மில்லிமீற்றரில்) என்றும் வரும். அதை வாசித்து வேலை செய்யப்போகிறவர் ரயில் பொறியியலாளர் அல்ல, கேற்றும் ஜன்னல் கிறிலும் ஒட்டுகிற வெல்டிங் தம்பி. அவரைக் குழப்பும் சொல் எங்களுக்கு வேண்டாம்.

> ‘பாதை அகலம்’ போதும். விக்கியிலும் இதுபோலத்தானே இருக்கிறது.

பாதை என்பது தண்டவாளம் மட்டும் அல்ல. நிலத்தைத் துப்புரவாக்க வருகிறவர் ‘பாதை அகலம் எவ்வளவு?’ என்று கேட்டால், எவ்வளவு அகலத்துக்குப் பற்றை வெட்டிக் கல்லுப் பரப்பவேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு மூன்றடி, நாலடி என்று பதில் சொல்லவேண்டும். தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டையின் நீளமும் ஒரு பாதை அகலம்தான். மூன்று அளவுகள் ஒரு பெயருக்குள் முட்டிக்கொண்டு நிற்கும்.

> பாடசாலையில் ‘நுண்மானித் திருகுக் கணிச்சி’ என்று படித்தோம். கேஜ் = கணிச்சி. முடிந்தது.

இந்தப் பரிந்துரையில் எனக்கு விருப்பம் உண்டு. எங்கள் பாடநூல் தமிழ் தந்த நல்ல சொல் அது, கைவிடக்கூடாது. ஆனால் கணிச்சி கருவி. அளக்கிற பொருள் வேறு, அளக்கப்படுகிற தூரம் வேறு. தண்டவாளம் போடும்போது இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும் ஒரு கோல் இருக்கிறது அல்லவா, இரண்டு முனையிலும் படி வெட்டிய இரும்புத் துண்டு? அதற்குத்தான் ‘கணிச்சி’ பொருந்தும். உள்ளகலக் கணிச்சி என்று அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

கேஜ் என்றே விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளிநொச்சியில் எந்த இரும்புக் கடையில் கேட்டாலும் கேஜ் என்பது தகரத்தின் தடிப்பு, கம்பியின் தடிப்பு. அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

உள்ளகலம் என்பதற்கான என் முதன்மைக் காரணம் இதுதான். இந்த அளவுக்கு வைக்கும் பெயர், அளவுநாடாவை எங்கே பிடிக்கவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். அளப்பது ஒரு தண்டவாளத்தின் உள்முகத்திலிருந்து மற்றதன் உள்முகத்துக்கு, தலைக்குச் சற்றுக் கீழே, சில்லின் விளிம்பு உரசும் இடத்தில். இங்கே கிடைக்கும் 10 மி.மீ. தடிப்பான இரும்புப் பட்டையை நிமிர்த்தி வைத்துத் தண்டவாளமாக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழேகால் என்றால் உள்முகத்துக்கு உள்முகம் 184 மி.மீ. அதே பாதையை நடுவுக்கு நடு அளந்தால் 194. வெளிமுகத்துக்கு வெளிமுகம் 204. ஏழேகால், ஏழரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஆறு மில்லிமீற்றர் சொச்சம். நாடா வைக்கும் இடம் மாறினால் வரும் பிழையோ பத்து. நடுவுக்கு நடு 184 என்று எடுத்து ஒட்டிவிட்டால் உள்ளே மிஞ்சுவது 174. எந்த நாட்டு ஏழேகால் சில்லும் அதற்குள் இறங்காது. ஒட்டியதை வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

‘இடைவெளி’ இதைச் சொல்லாது, ‘அகலம்’ தனியே சொல்லாது, ‘கேஜ்’ சொல்லவே சொல்லாது. ‘உள்’ என்ற ஓரெழுத்தும் ஒற்றும் சொல்லிவிடுகிறது.

> தச்சர்மார் கதவு நிலைக்கு ‘உள்ளளவு’ என்கிறார்கள். அதையே எடுக்கலாமே?

இந்தக் கேள்வி கேட்ட அக்காவுக்கு நன்றி. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். முதிரையில் நிலை போடுகிறவரிடம் ‘உள்ளளவு மூன்றடி’ என்றால் ஒரு கேள்வியும் வராது. ஆனால் எழுத்தில் ‘உள்ளளவு’ என்பதற்கு ‘உயிருள்ளளவும்’ என்பதில் வரும் பொருளும் இருக்கிறது, உள்ள அளவு என்று. தவிர, நிலையின் உள்ளளவில் உயரமும் அடக்கம். எங்களுக்கு வேண்டியது அகலம் மட்டும்.

அகலம் என்ற சொல் ஏற்கெனவே எங்கள் வாயில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். இலங்கையின் பெரிய பாதையை அகலப்பாதை என்கிறோம், ஐந்தடி ஆறு அங்குலம், 1676 மி.மீ. 1914இல் தலைமன்னாருக்குப் பாதை வந்தபோது எங்கள் கரையில் இந்த அகலப்பாதை. கப்பல் ஏறிக் கடலைத் தாண்டித் தனுஷ்கோடியில் இறங்கினால் அங்கே மீற்றர் பாதை. அகலப்பாதை, மீற்றர் பாதை என்று இரு கரையிலும் இன்றைக்கும் சொல்கிறார்கள். இந்தப் பெயர்களை மாற்றத் தேவையில்லை. ‘அகலப்பாதையின் உள்ளகலம் 1676’ என்று எழுதினால் இரண்டும் சண்டை பிடிக்காமல் இருக்கும். தமிழ்நாட்டு நண்பர்களுக்கும் இது அந்நியமாகப் படாது.

இன்னொன்று. எங்கள் பகுதியில் இந்தச் சொற்களைக் கவனமாகத் தெரிவுசெய்ய வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி, அதாவது ரயில், நின்றது. திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்ரெம்பரில், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரில். நடுவில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. சிலிப்பர் கட்டை என்ற சொல்லையே பங்கர் கூரையில் கண்டு படித்த பிள்ளைகள் இன்று முப்பது நாற்பது வயதில் பட்டறை வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் வேலை செய்த தகப்பனிடமோ மாமாவிடமோ கேட்டுப் பழகும் வழக்குச் சொற்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சொல்லைப் பார்த்தவுடனே வேலை விளங்கவேண்டும்.

சரி, உள்ளகலத்தையும் அளவுத்திட்டத்தையும் ஒன்றாக்கி எழுதிய இரண்டு மடல்களைப் பார்த்தேன். இதைப் பிரித்தே ஆகவேண்டும். அளவுத்திட்டம் என்பது, புவியியலில் படித்தபடியே, உண்மையான பொருளை எத்தனையில் ஒன்றாகச் சிறிதாக்குகிறோம் என்பது. ஏழேகாலும் ஏழரையும் பெரும்பாலும் எட்டில் ஒன்று அளவுத்திட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அது பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. 1435ஐ எட்டால் பிரித்தால் 179 வரும். ஏழேகால் அதைவிடக் கொஞ்சம் கூட, ஏழரை இன்னும் கூட. ஏழரைக்காரர் சிலர் அதனால் ஏழரையில் ஒன்றாகவே எஞ்சினைச் செய்கிறார்கள், அப்போது கணக்கு 191க்கு வந்து பொருந்திவிடும்.

எங்கள் 1676ஐ எட்டால் பிரித்தால் 209.5 மி.மீ. அதற்கு ஆயத்தச் சில்லோ வரைபடமோ கிடைப்பது அரிது. ஒன்பதால் பிரித்துப் பாருங்கள்: 186. ஏழேகாலுக்கு இரண்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம்! கனடா தந்து 1954 முதல் இங்கே ஓடிய எம்2 எஞ்சினை ஒன்பதில் ஒன்றாகச் செய்தால், ஏழேகால் பாதையில் சில்லுகள் உடம்புக்கு அளவாக, இயல்பாக நிற்கும். எட்டில் ஒன்றாகச் செய்து அதே பாதையில் வைத்தால் பெரிய உடம்பும் ஒடுங்கின காலுமாக இருக்கும். நாங்கள் தொடங்கவேண்டியது ஏழேகாலில்தான் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும். ‘ஏழரை’ என்றால் சனியை நினைப்பார்கள் என்று ஒருவர் தயங்கியிருந்தார். எண்ணுக்கு அந்தப் பயம் வேண்டாம், பட்டியலில் இரண்டும் இருக்கட்டும்.

உள்ளகலத்திலிருந்து மற்றச் சொற்கள் சிரமமில்லாமல் பிறக்கின்றன. இறுக்கமான வளைவில் சில்லு நெருக்குப்படாமல் இருக்கக் கொஞ்சம் கூட்டிப் போடுவது உள்ளகல விரிப்பு. மூன்றாவது தண்டவாளம் சேர்த்து ஐந்து அங்குலமும் ஏழேகாலும் ஒரே பாதையில் ஓட வைப்பது ஈருள்ளகலப் பாதை. கழகங்கள் பல இப்படித்தான் சமாளிக்கின்றன. ஆட்களையும் சாமானையும் ஒழுங்காக ஏற்றி இறக்கக்கூடிய மிகச் சிறிய அளவு எது என்று இங்கிலாந்தில் சேர் ஆதர் ஹேவுட் 1870களில் தன் தோட்டத்தில் பரிசோதித்தார். ஒன்பது அங்குலம் போதாது என்று கண்டு 15 அங்குலத்தில் நின்றார். அதைச் சிற்றெல்லை உள்ளகலம் என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்கு வருகிறது. 1927இல் தொடங்கிய ரொம்னி, ஹைத் அன்ட் டிம்சேர்ச் பாதையும் அந்த 15 அங்குலத்தில்தான் இன்றும் ஓடுகிறது.

வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். அச்சில் பொருத்திய இரண்டு சில்லுகளின் உட்பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம். இது உள்ளகலத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சில்லு இறுகும். சில்லு இறுகாமல் இருக்க விடும் இந்தச் சிறு இடம், அதாவது ‘ஆட்டம்’, பெரிய ரயிலிலும் முக்கியம். ஸ்டீவன்சன் நாலடி எட்டு அங்குலத்தில் தொடங்கி, 1830இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்கு அரை அங்குலம் கூட்டினார். புரூனல் தன் ஏழடிக்குக் கால் அங்குலம் கூட்டினார். இரண்டு பேருக்கும் சில்லுக்குக் கொஞ்சம் இடம் விடவேண்டியிருந்தது. லேத்தில் சில்லுக் கடைகிறவருக்கு இந்த அளவு உள்ளகலத்தைவிடக் கூடத் தேவைப்படும். நான் ‘சில்லிடை’ என்று எழுதி வருகிறேன். தமிழ்நாட்டில் சில்லு என்றால் உடைந்த துண்டு என்று எடுப்பார்கள், அவர்களுக்குச் ‘சக்கரஇடை’ நல்லதாக இருக்கலாம். ஆனால் எங்கள் பட்டறையில் சக்கரம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டையும் பட்டியலில் போடலாமா, ஒன்றை எடுக்கவேண்டுமா என்று சொல்லுங்கள்.

மாங்குளத்தில் பாலர் பாடசாலைக்குப் போடப்போகும் பாதையின் வரைபடத்தை இந்தக் கிழமை பட்டறைக்குக் கொடுக்கவேண்டும். ‘உள்ளகலம் 184’ என்றே எழுதிக் கொடுக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்,
மாங்குளத்திலிருந்து