மட்டில்டாவும் மோடும் ஒரே பெயரா?

சுவடிப்பூச்சி:
12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் படிக்கிறேன். ஒரு நூலில் 'பேரரசி மட்டில்டா', இன்னொன்றில் 'பேரரசி மோட்'. எதிரணியிலும் ஒரு மட்டில்டா! எல்லாம் ஒரே பெயர்தானா? ஆளை எப்படிப் பிரிப்பது?

வேர்ச்சொல்:
ஒரே பெயர்தான். மூலம் ஜெர்மானியம்: 'மாக்ட்' என்றால் வலிமை, 'ஹில்ட்' என்றால் போர். இரண்டையும் கூட்டி 'போரில் வல்லவள்' என்று பொருள் சொல்லும் பெயர்ப் புத்தகங்களை நம்பாதீர்கள். முன்னோர் பெயர்களிலிருந்து ஆளுக்கொரு துண்டெடுத்து ஒட்டுவது அக்கால வழக்கம்; சேர்ந்து பொருள் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

பிரெஞ்சுக்காரர் வாயில் நடுமெய்கள் தேய்ந்தன. மெய்க்கு முன் நின்ற 'ல்' உகரமாயிற்று. அப்படித்தான் 'மஹாவுத்', பிறகு 'மோட்'. ஊரார் மோட் என்று கூப்பிட்டவளை எழுத்தர் லத்தீனில் 'மத்தில்டிஸ்' என்று பதிந்தார். ஜெர்மன் நூலென்றால் 'மெக்டில்ட்' என்றும் தேடுங்கள். டில்லட்சன் என்ற குடும்பப் பெயர்கூட 'டில்' என்ற செல்லப்பெயர் வழி வந்ததே.

ஏடுபுரட்டி:
பெயரை விட்டுவிட்டுக் கணவரையும் இறந்த ஆண்டையும் பிடியுங்கள். முதலாம் வில்லியமின் மனைவி, பிளாண்டர்ஸ் மட்டில்டா: 1083. முதலாம் ஹென்றியின் மனைவி, ஸ்காட்லாந்து மட்டில்டா: 1118. இவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஈடித், அதுவே தனிக் குழப்பம். இவர் மகள்தான் பேரரசி: 1167. அரியணைக்காகப் பேரரசியோடு போரிட்ட ஸ்டீபன் மன்னரின் மனைவி, புலோன் மட்டில்டா: 1152. போரில் மோதிய பேரரசியும் புலோன் மட்டில்டாவும் அக்கா தங்கை பிள்ளைகள். புலோன் மட்டில்டாவின் தாய் மேரி, பேரரசிக்குச் சித்தி.

1141தான் வழுக்குமிடம். பிப்ரவரியில் லிங்கனில் ஸ்டீபன் பிடிபட்டார். பேரரசி 'ஆங்கிலேயரின் சீமாட்டி' ஆனார். முடிசூடும் முன்பே லண்டன்வாசிகள் துரத்திவிட்டார்கள். ஆகவே அந்த ஆண்டுச் செய்தியில் 'ராணி' என்றிருந்தால் புலோன் மட்டில்டா.

வேர்ச்சொல்:
நூல்களுக்குச் சரி, முத்திரைக்குச் சரிவராது. பேரரசியின் முத்திரையிலேயே 'ரோமானியரின் ராணி' என்றுதான் இருக்கிறது. முதல் கணவர், புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி 1125இல் இறந்த பிறகும், 1128இல் பிரான்சின் அஞ்சூப் பகுதி ஜெப்ரியை மணந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை.

சுவடிப்பூச்சி:
1077இல் இத்தாலியின் கனோசாக் கோட்டையில் இருந்த மட்டில்டா?

ஏடுபுரட்டி:
அவர் டஸ்கனிச் சீமாட்டி, 1046–1115. இந்த நால்வரில் சேராதவர். ஜெர்மன் பேரரசர் முதலாம் ஓட்டோவின் தாய், 968இல் இறந்த புனித மட்டில்டாவும் வேறு.