மழை நேரத்தில் மங்கும் பைனாகுலர், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மழை ஓய்ந்த கொஞ்ச நேரம்தான் பறவை பார்க்கத் தோதானது. ஒதுங்கியிருந்ததெல்லாம் பசியோடு வெளியே வரும். அந்த நேரம் பார்த்து என் 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) மங்கிவிடுகிறது. வெளிக்கண்ணாடி என்றால் துடைத்துவிடலாம், இது உள்பக்கம் படியும் ஈரம். உள்ளே ஈரம் படியாதபடி நைட்ரஜன் வாயு அடைத்த வகை இல்லை, பழசு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு டப்பாவில் மூடி வைத்தால் சரியாகுமா? எத்தனை நாள்? கழற்றப் பயம், உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசம் கண்ணாடி நகர்ந்தால் அப்புறம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

இன்னொன்று. நேற்றுத் தோட்டத்து வேலியில் ஒன்று சிறகை உதறிக்கொண்டிருந்தது. நனைந்ததில் நிறம் கருத்து, உடம்பும் பாதியாகிவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது மட்டும் உறுதி. நனைந்த பறவையை எதை வைத்து அடையாளம் காண்கிறீர்கள்? அலகா, நடையா, குரலா?