பர்சனல் கோச்சிங்னா பணம் கட்டத் தயங்குறாங்க. கட்டணத்தைக் குறைக்கணுமா?

தென்பெண்ணை_கரை

கிருஷ்ணகிரியில் சிறு வியாபாரிகளுக்கும், ஓசூர் கம்பெனிகளில் சூப்பர்வைசர் பதவிக்குத் தயாராகிறவர்களுக்கும் பர்சனல் கோச்சிங். 6 அமர்வு, ஒவ்வொன்றும் 1 மணி நேரம். மொத்தம் 12,000 ரூபாய், முழுவதும் முன்பணம். முதல் 45 நிமிடப் பேச்சு இலவசம். அதற்கு வருகிறார்கள், மனம்விட்டுப் பேசுகிறார்கள். கட்டணம் என்றதும் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். இதே வீடுகளில் பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கியாவது கட்டுகிறார்கள். கட்டணத்தைக் குறைப்பதுதான் வழியா?

ராயக்கோட்டை_ரோடு

குறைக்காதீங்க. 6,000 ஆக்கினாலும் இதே பதில்தான் வரும். ஹாஸ்டல் பள்ளியில பரீட்சைத் தேதி தெரியும், மார்க் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு வாங்கினான்னும் தெரியும். "தன்னம்பிக்கை வளரும்"னு நீங்க சொன்னா, வளர்ந்ததை எந்தத் தராசுல நிறுக்கிறது?

பேரும் ஒரு தடைதான். நம்ம பக்கம் கோச்சிங்னா நீட், குரூப் 4. தனிப்பயிற்சின்னா டியூஷன். கடை நடத்துற ஆளு அந்தப் போர்டைப் பார்த்து உள்ள வர மாட்டார். செய்யற வேலையையே போர்டுல எழுதுங்க: பாக்கி வசூல், கடைக் கணக்கு, ஆட்களை வச்சு வேலை வாங்குறது.

இலவசப் பேச்சுலயே ஒரு எண்ணைப் பிடிச்சிடணும். ஹார்டுவேர் கடைக்காரர்னா கடன் நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாக்கியை மூணாப் பிரிங்க: 30 நாளுக்குள்ள இருக்கறது, 31-லிருந்து 90 நாள், அதுக்கு மேல. 90 நாள் தாண்டினது 1,80,000 நிக்குதுன்னு வைங்க. அதுல யார் யாரை எந்தக் கிழமை போய்ப் பார்க்கறது, 3 மாசத்துல எவ்வளவு வசூல் பண்ணப் பார்க்கறதுன்னு அவரே சொல்லி, அவர் கையாலயே எழுதட்டும். நீங்க எழுதினா அது உங்க வாக்குறுதியாயிடும்; வசூலாகலைன்னா பழி உங்க மேல. சூப்பர்வைசர் ஆகப் போறவருக்கு இலக்கு வேற மாதிரி: ஷிப்ட் மாறும்போது நடக்குற 10 நிமிஷ மீட்டிங்கை வாரம் 3 தடவை அவரே நடத்தணும். எண்ணிப் பார்த்துடலாம் இல்லையா?

பாலக்கோடு_பெட்டி

முழுத்தொகையும் முன்பணம்னு கேட்கறதுதான் பெரிய பயம். 2012-ல மக்கள்கிட்ட முதலீடு வாங்கின ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தப்போ மேற்கு மாவட்டத்துல எத்தனையோ குடும்பத்துப் பணம் போச்சு. முன்பணம்னதும் அந்த நினைப்புதான் வரும். போதாததுக்கு நம்ம நாட்டுல இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம்னு ஒண்ணு கிடையாது, யார் வேணா போர்டு மாட்டலாம். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனோட ஆரம்பச் சான்றான ஏசிசிக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரப் பயிற்சி அனுபவமும் வேணும். இருந்தா காட்டுங்க. இல்லைன்னா அந்தத் தொழில்ல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்னு நேரா சொல்லிடுங்க.

முதல் 2 அமர்வுக்கும் ஒவ்வொண்ணு முடிஞ்ச அப்புறம் 2,000 வீதம் வாங்குங்க. மீதி 8,000-ஐ ரெண்டு தவணையாக்குங்க. ஒரே ஒரு பக்கத்துல ஒப்பந்தம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க: தேதிகள், இலக்கு, வரமுடியலைன்னா 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும், நடுவுல நிறுத்தினா எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இந்தக் கடைசி வரி இல்லைன்னா மத்தது எதையும் நம்ப மாட்டாங்க.

காலமும் பாருங்க. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், அப்போ கேட்காதீங்க. மாங்காய்ப் பணம் புழங்கி முடியற நேரமும் தீபாவளி போனஸ் நேரமும் தோது. இன்னொண்ணு: வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ளன்னா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவு இல்லாம பில்லுல 18 சதவீதம் சேர்க்கவும் கூடாது.

சந்தைப்பேட்டை_அக்கா

"வீட்ல கேட்டுட்டு"ங்கறதைச் சாக்குன்னு தள்ளிடாதீங்க தம்பி. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவுல இருக்கற இடத்துல அது உண்மையான பதில். கேட்க வர்றது பொம்பளைன்னா இன்னும் கஷ்டம். தனக்குன்னு செலவு பண்றதையே குத்தமா நினைப்பாங்க.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத தயக்கம் இன்னொண்ணு இருக்கு. சின்ன ஊரு. எதிர்க்கடைக்காரரும் உங்ககிட்ட வந்தா? ஒரே தெருவுல ஒரே வியாபாரம் பண்றவங்க ரெண்டு பேரை ஒரே சமயத்துல எடுத்துக்காதீங்க, அதை ஒப்பந்தத்துலயே எழுதுங்க. ஓட்டல்ல உட்கார வச்சுப் பேசாதீங்க. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுவாங்க. எதுல பேச வசதின்னு முதல்ல கேட்டுடுங்க.

தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல, உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா அது உங்க வேலை இல்லை. அரசோட இலவச மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு உங்க முன்னாடியே போன் போட வைங்க, காசு வாங்காதீங்க.

தென்பெண்ணை_கரை

நன்றி. கடைக்காரரிடம் மனைவியையும் அழைத்து வரச் சொன்னால், மனைவி எதிரில் கடனைப் பற்றி வாய் திறப்பாரா?

சந்தைப்பேட்டை_அக்கா

திறக்க மாட்டார். முதல் 15 நிமிஷம் ரெண்டு பேரும் இருக்கட்டும். கட்டணம், தவணை, திரும்பக் கிடைக்கறது, அவ்வளவுதான் அப்போ பேசணும். கடன் நோட்டை அந்தம்மா வெளிய போன அப்புறம் பிரிங்க. அதைக் காட்டறதா வேண்டாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்.