குடியிருப்பவர்களோடு சேர்த்து வீடு வாங்கும்போது முன்பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி:
வாடகை வருமானத்துக்காக முதன்முறையாக ஒரு வீடு வாங்கவிருக்கிறேன். கீழ்த்தளம், மாடி இரண்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கீழே இருப்பவர்களின் ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதங்கள் உள்ளன. மாடியில் இருப்பவர்கள் நெடுங்காலமாக வாய்ப்பேச்சின் பேரிலேயே குடியிருப்பதாகவும், ஒழுங்காக வாடகை தருவதாகவும் விற்பவர் சொல்கிறார். யாரையும் காலி செய்யச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த முன்பணம் விற்பவரிடம் இருக்கிறது. கிரயம் முடிந்தபின் அதற்கு யார் பொறுப்பு? வாடகையை உடனே உயர்த்தலாமா?

பதில் 1:
பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, வீடு கைமாறுவதால் மட்டும் நடப்பிலுள்ள வாடகை ஒப்பந்தம் முறிந்துவிடாது. பழைய உரிமையாளர் ஒப்புக்கொண்ட வாடகை, காலக்கெடு, முன்னறிவிப்புக் காலம் அனைத்தும் உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதால், ஒப்பந்தத்திலேயே இடமிருந்தால் தவிர, கீழ்த்தள வாடகையை இடையில் உயர்த்த இயலாது. வாய்மொழி ஏற்பாடு என்பதற்காக மாடியில் இருப்பவர்களுக்கு உரிமை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

முன்பணத்தைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. விற்பவர் பணத்தோடு போய்விட்டாலும், காலி செய்யும் நாளில் குடியிருப்பவர் உங்களிடம்தான் கேட்பார். பல இடங்களில் சட்டமும் அவர் பக்கமே நிற்கும். ஆகவே வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வரை செலுத்தியாயிற்று, பாக்கி உண்டா, உரிமையாளர் செய்து தருவதாகச் சொன்ன பழுதுபார்ப்பு எது என்பவற்றை எழுதி, குடியிருப்பவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். பழுதான தண்ணீர் மோட்டாரைக் குடியிருப்பவர் தம் செலவில் மாற்றியிருப்பார், அதை வாடகையில் கழித்துக்கொள்ளும்படி விற்பவர் சொல்லியிருப்பார். இத்தகைய வாய்ப்பேச்சுகள் எந்தப் பத்திரத்திலும் இருப்பதில்லை.

பதில் 2:
நான் குடியிருந்த வீடு விற்கப்பட்டபோது, ஒரே மாத வாடகையைப் பழைய உரிமையாளரும் புதியவரும் தனித்தனியே கேட்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவருக்குக் கடன்பட்டவனாகிவிடுவேனோ என்ற அச்சத்தில் இருந்தேன். எனவே, இன்ன தேதி முதல் வாடகையை இன்ன கணக்கில் செலுத்த வேண்டும், முன்பணம் புதிய உரிமையாளர் பொறுப்புக்கு வந்துவிட்டது என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைக் கிரயம் முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். கிரயம் மாத நடுவில் முடிந்தால், அம்மாத வாடகையை நாள்கணக்கில் நீங்களும் விற்பவரும் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குள் குடியிருப்பவரை இழுக்க வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. குடியிருப்பவர்களை இப்போதே சந்தித்தால் அவர்கள் கலவரமடைவார்கள் என்று விற்பவர் தயங்குகிறார். வற்புறுத்தலாமா?

பதில் 3:
கட்டாயம் வற்புறுத்துங்கள். நல்ல விலை கிடைப்பதற்காக வாடகையைக் கூட்டிச் சொல்வதும், உறவினரையே வாடகைக்கு இருப்பவராகக் காட்டுவதும் உண்டு. வாடகை வரவு தெரியும் ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் ரசீதுகளைக் கேளுங்கள். வீட்டுக்குள் போகும்போது சுவரின் ஈரக்கசிவு, உடைந்த ஓடு, கதவுகளின் நிலை ஆகியவற்றைக் குடியிருப்பவர் முன்னிலையில் படமெடுத்து, அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அப்போதைய நிலைக்குப் பதிவு இல்லையென்றால், பிற்பாடு முன்பணத்தில் நியாயமாகப் பிடிக்க வேண்டியதைக்கூடப் பிடிக்க முடியாது.

மாடியில் இருப்பவர்களோடு எழுத்து ஒப்பந்தம் அவசியந்தான். முதலில் இப்போதைய வாடகைக்கே எழுதுங்கள். உயர்வைச் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் முன்னறிவிப்போடும் பிறகு பேசிக்கொள்ளலாம். பதில் 1-இல் சொன்னபடி, இரு தளங்களிலும் குடியிருப்பவர்கள் கையெழுத்திட்ட விவரத்தாள் உங்கள் கைக்கு வரும்வரை விற்பவருக்கு மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.