கொலராடோவில் பில் போட்டு வாங்கிய கஞ்சா எண்ணெயைக் காட்பாடிக்குக் கொண்டு வரலாமா?

பாலாறு_கரை:
அத்தைக்கு வேலூரில் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. வாந்தியும் வலியும் தாங்க முடியவில்லை. டென்வரில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் வருகிறார். அங்கே மருத்துவ அட்டை இருந்தால் கஞ்சா எண்ணெய், கம்மி மிட்டாய் எல்லாம் கடையிலேயே பில் போட்டுத் தருகிறார்களாம். "டாக்டர் சீட்டு இருக்கு, பில் இருக்கு, யார் கேக்கப் போறாங்க" என்கிறார். சென்னையில் இறங்கி ரயிலில் காட்பாடி வருவதாகத் திட்டம். இதனால் அவருக்கோ எங்களுக்கோ சிக்கல் வருமா?

இன்னொன்று. தம்பி ஆகஸ்டில் அதே ஊருக்கு எம்.எஸ். படிக்கப் போகிறான். அந்த மாநிலத்தில் அனுமதி என்றால் விசாவுக்குப் பிரச்சனை இல்லைதானே? இங்கே ஆன்லைனில் விற்கும் விஜயா எண்ணெய் (கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பெயர் விஜயா) பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி_கோர்ட்:
கொண்டு வரச் சொல்லாதீங்க. கொலராடோ பில்லுக்கு அந்த மாநில எல்லைக்குள்ளேதான் மதிப்பு. டென்வர் ஏர்போர்ட் வளாகத்திலேயே கஞ்சா வைத்திருக்கத் தடை. அமெரிக்க மத்திய சட்டப்படி விமானத்தில் எடுத்துப் போவதும் குற்றம். நடுவில் துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்னையில் இறங்கியதும் நம்ம போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டம் 1985, பிரிவு 23, அதாவது இந்தியாவுக்குள் இறக்குமதி. மருத்துவத் தேவைக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்கு குவாலியரில் இருக்கும் போதைப்பொருள் ஆணையரிடம் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். பயணிக்கு அமெரிக்க டாக்டர் எழுதிய சீட்டு அதற்கு ஈடாகாது.

எடைக் கணக்கைத்தான் பலர் தப்பாகப் போடுகிறார்கள். கஞ்சாவுக்கு 1 கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவிலிருந்து 'வணிக அளவு'. இது செடியின் பூ, காய் நுனிகளுக்கு மட்டும். எண்ணெய் அந்தக் கணக்கில் வராது. பிரிவு 2(iii) ஹஷீஷ் எண்ணெயைச் சரஸ் (கஞ்சாப் பிசின்) என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. அதற்குச் சிறிய அளவு 100 கிராம், வணிக அளவு 1 கிலோ. கம்மி மிட்டாயை ஆய்வகம் 'டிஎச்சி' (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று எழுதி, வழக்கும் அந்தத் தலைப்பில் போனால் அளவு 2 கிராம், 50 கிராம் என்று இறங்கிவிடும்.

அந்த எடையை எப்படிப் பார்ப்பார்கள்? 2009 நவம்பர் அறிவிக்கையும், அதைச் சரி என்ற உச்ச நீதிமன்றத்தின் 2020 ஹீரா சிங் தீர்ப்பும் கலவை முழுவதையும் எடை போடச் சொல்கின்றன. கொலராடோவில் ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டில் 100 மில்லிகிராம் டிஎச்சி என்பது பொழுதுபோக்குக் கடைகளுக்கான உச்சவரம்பு. மிட்டாய் ஒன்று 4 கிராம் என்று வையுங்கள், பத்து மிட்டாய் 40 கிராம். இரண்டு பாக்கெட் என்றால் உள்ளே போதை 0.2 கிராம்தான், கணக்கில் 80 கிராம். வணிக அளவு தாண்டியாகிவிட்டது. தண்டனை 10 முதல் 20 வருடம், அபராதம் 1 முதல் 2 லட்சம், ஜாமீனுக்குப் பிரிவு 37-ன் கடும் நிபந்தனை. சர்க்கரையும் ஜெலட்டினும் போட்ட எடைக்கு இவ்வளவு! அபத்தம்தான், ஆனால் இன்றைய சட்டம் அது.

உங்கள் பக்கம்: "அத்தைக்குக் கொண்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவே பிரிவு 29, கூட்டுச்சதிக்கு ஆதாரம் ஆகலாம். வீட்டில் தெரிந்தே வைக்க இடம் கொடுத்தால் பிரிவு 25. கையில் இருப்பது நிரூபணமானால், தெரியாது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும் (35, 54).

கோட்டை_அகழி:
ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஸ்டேஷனிலேயே விட்டுவிடுவார்கள் என்று நம்ம பக்கம் சொல்வாங்களே சார்?

சத்துவாச்சாரி_கோர்ட்:
ஜாமீன் சுலபம் என்பது வரை சரி. வழக்கு போகாது. சிறிய அளவுக்கும் 1 வருடம் வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பாஸ்போர்ட், அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்கள் மேல் இங்கே 1982-ம் வருட குண்டர் சட்டமும் பாயும். அதில் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று தனி வகையே உண்டு, 12 மாதம் வரை தடுப்புக்காவல்.

விசாகப்பட்டினம் பக்கத்து ரயில்கள் காட்பாடி வழியாகப் போவதால் அங்கே பை சோதனை சாதாரணம். சித்தூர் ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டிலும் அப்படியே. உடம்பைச் சோதித்தால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று முதலில் சொல்ல வேண்டும் (பிரிவு 50). பைக்கு இது பொருந்தாது. பிடித்ததில் விதை, இலை, தண்டு எல்லாம் சேர்த்து எடை போட்டார்களா என்று வக்கீல் பார்க்க வேண்டும், ஏனென்றால் நுனி இல்லாத தனி இலையும் விதையும் 'கஞ்சா' வரையறையில் இல்லை. விசாரணை அதிகாரியிடம் பிரிவு 67-ன் கீழ் எழுதிக் கொடுத்ததை ஒப்புதல் வாக்குமூலமாக எடுக்க முடியாது. தூஃபான் சிங் வழக்கு, 2020, நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. அடிமையாகிப்போனவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் 64ஏ பாதுகாப்பு தரும். அது பலருக்குத் தெரிவதில்லை.

ஐ20_வழித்துணை:
தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கொலராடோவில் மருத்துவத்துக்கு 2000-ல், பொழுதுபோக்குக்கு 2012 ஓட்டெடுப்பில் அனுமதி, கடை திறந்தது 2014 ஜனவரி 1. வயது 21, கையில் 2 அவுன்ஸ் வரை. பொது இடத்தில் புகைத்தால் அபராதம். வண்டி ஓட்டினால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஎச்சி இருந்தாலே போதையில் ஓட்டியதாகக் கொள்ளலாம். இதெல்லாம் அமெரிக்கக் குடிமகனுக்குப் போதும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவனுக்குப் போதாது, ஏனென்றால் குடியேற்றச் சட்டம் மாநிலச் சட்டத்தைப் பார்ப்பதே இல்லை. மத்திய கட்டுப்பாட்டுப் பொருள் சட்டத்தின் (1970) பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அட்டவணை 1-லிருந்து 3-க்கு மாற்றினாலும் பட்டியலில்தான் இருக்கும், ஆகவே அந்தச் செய்தியை வைத்துத் துணிய வேண்டாம்.

இதில் தண்டனையே தேவையில்லை. தூதரக நேர்காணலிலோ விமான நிலையத்திலோ "ஆமாம், டென்வரில் உபயோகித்தேன்" என்று ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்க வழி இருக்கிறது. டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் கட்டுப்பாட்டுப் பொருள் சட்டத்தை மீறியது உண்டா என்று நேராகவே கேள்வி உண்டு. பொய் சொன்னால் அது வேறு குற்றம். அதனால் ஒரே வழி, தொடாமலிருப்பது. போனில் படம், கடை பில், மருத்துவ அட்டை எதுவும் இருக்கக் கூடாது. எல்லையில் போனைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கஞ்சாக் கடையில் பகுதி நேர வேலை, கணக்கு எழுதும் வேலை கூட வேண்டாம். அதைக் கடத்தல் என்று எடுத்துக்கொள்வார்கள். 30 கிராமுக்குள் சொந்த உபயோகம், ஒரே ஒரு முறை என்ற விலக்கு நாடு கடத்தலுக்கு மட்டும். வெளியே போய்த் திரும்ப நுழையும்போது அது கை கொடுக்காது.

கல்லூரி விடுதிக்குள் எந்த மாநிலமானாலும் தடைதான், மத்திய நிதி வாங்கும் கல்லூரிக்கு அது கட்டாயம். இடைநீக்கம் ஆனால் விசா நிலையும் போகும். ராக்கி மலை தேசியப் பூங்கா மத்திய அரசு நிலம், அங்கே கொலராடோ அனுமதி செல்லாது. கிழக்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் கன்சாஸ், மருத்துவத்துக்கோ பொழுதுபோக்குக்கோ கஞ்சாவுக்கு அனுமதியே இல்லை. டல்லாஸ் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதென்றால் இன்னும் மோசம். டெக்ஸாஸில் பூ 2 அவுன்ஸ் வரை சிறு குற்றம்தான், 180 நாள் வரை சிறை. ஆனால் டிஎச்சி எண்ணெய், மிட்டாய் என்றால் எவ்வளவு குறைவானாலும் பெருங்குற்றம், அங்கேயும் கலவை முழுவதும் எடை.

மருந்துச்சீட்டு:
அத்தைக்கு உடனே உதவக்கூடியதைச் சொல்கிறேன். கீமோ வாந்திக்கு அமெரிக்காவிலேயே அங்கீகாரம் பெற்றது கடை எண்ணெய் அல்ல. டிஎச்சி போலச் செயற்கையாகச் செய்த ட்ரோனாபினால், நாபிலோன் என்ற மாத்திரைகள், 1985 முதல். அதையும் மற்ற மருந்துகள் கேட்காதபோதுதான் கொடுப்பார்கள். இங்கே கிடைக்கும் மருந்துகளைச் சரியாகச் சேர்த்தாலே பெரும்பாலும் அடங்கும்: ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், இரவில் ஓலான்சபின். ஓலான்சபின் மிக மலிவு, கேட்டால்தான் சில இடங்களில் எழுதுகிறார்கள். தூக்கம் வரும், வயதானவர் எழுந்து நடக்கும்போது கவனம்.

டாக்டரிடம் "வாந்தி எடுக்கிறாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கீமோ முடிந்து 24 மணி நேரத்துக்குள்ளா, இரண்டு மூன்றாம் நாளா, அல்லது ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமேவா என்று குறித்துக்கொண்டு போங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. வலிக்கு வலித்தணிப்புப் பிரிவில் வாய்வழி மார்ஃபின் கேளுங்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம் இல்லாமலே இருப்பு வைக்கலாம். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு, மலச்சிக்கலுக்குப் பயந்து வலி மருந்தையே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

விஜயா பற்றி: ஆயுர்வேதத்தில் அது மருந்துச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில் (நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள் பட்டியல்) உள்ளது, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். இலையில் செய்தது என்ற அடிப்படையில்தான் விற்பனை. உ.பி., ராஜஸ்தானில் அரசு உரிமக் கடையில் பாங் (கஞ்சா இலைத் தயாரிப்பு) கிடைக்கிறதே என்று இங்கே நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 1937 இலையையும் போதைப்பொருளாகவே வைத்திருக்கிறது. வாங்குவதானால் ஆயுஷ் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு, பில் நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். சிபிடி (கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருள்) கல்லீரல் நொதிகளைத் தடுத்து வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பாலாறு_கரை:
எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் பேசினேன். "டிஎச்சி இல்லாத வெறும் சிபிடி எண்ணெய் கொண்டு வரேன், அங்கே டிஎச்சி 0.3 சதவீதம் வரை இருந்தால் அது சட்டப்படி கஞ்சாவே இல்லை" என்கிறார். அதுவாவது?

சத்துவாச்சாரி_கோர்ட்:
அந்த 0.3 அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டக் கணக்கு. உத்தராகண்டிலும் 0.3 உண்டு, ஆனால் அது ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி) சாகுபடி உரிமத்துக்கு. சென்னையில் இறங்கும் பயணிக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. 30 கிராம் எண்ணெயில் 0.3 சதவீதம் என்றால் 90 மில்லிகிராம் டிஎச்சி, ஆய்வகம் கண்டுபிடிக்க அது தாராளம். பெட்டியில் பேரீச்சம்பழமும் பாதாமும் வரட்டும்.