‘இதய அடைப்பு’ வேண்டாம், ‘இதய நெரிப்பு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாம் தமிழாக்கும் சம்மதப் படிவத்தில், இதயத்தசைப் பயொப்சியின்போது (சோதனைக்காக இதயத்தசையில் சிறு துணுக்கு எடுக்கும்போது) நேரக்கூடிய சிக்கல்களுள் ஒன்றான ‘டம்பொனாட்’டுக்கு (இதயத்தைச் சூழ்ந்து தேங்கும் குருதி அதை அழுத்துவதற்கு) ‘இதய அடைப்பு’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிநொச்சியில் எவரிடமும் ‘அடைப்பு’ என்றால், குருதிக்குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறது என்றே விளங்கிக்கொள்வார். அதே பயொப்சியில் நேரக்கூடிய ‘ஹார்ட் புளொக்’கையும் (இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சைகை தடைப்படுவதையும்) சிலர் இதய அடைப்பு என்றே எழுதுகிறார்கள். முன்னதற்கு ஊசி செலுத்திக் குருதியை வடிக்க வேண்டும்; பின்னதற்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக்கும் கருவி) தேவைப்படலாம். இவ்விரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது ஆபத்து.

நடப்பது இதுதான். கழுத்து நாளம் அல்லது தொடை நாளம் வழியே செலுத்தப்படும் சிறு கவ்வி (1962 இல் ஜப்பானில் சக்காகிபராவும் கொன்னோவும் அறிமுகப்படுத்தியது) வலது இதயவறையின் நடுச்சுவரிலிருந்து ஓரிரு மில்லிமீற்றர் துணுக்குகளைக் கிள்ளி எடுக்கிறது. அது விலகி மெல்லிய வெளிச்சுவரைக் கவ்விவிட்டால் துளை விழக்கூடும். கைதேர்ந்தவர்களிடம் இது அரிது என்றாலும், விழுந்துவிட்டால் கசியும் குருதி இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் தேங்கும். உறை சடுதியாக விரியாது என்பதால், கொஞ்சக் குருதியே இதயத்தை நிரம்பவிடாமல் அழுத்திவிடும்.

விசுவமடுவிலுள்ள என் பெரியம்மாவுக்குச் சம்மதப் படிவத்தை விளக்கியபோது, இந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தி, “இறுக்கிக் கட்டின சாக்குக்குள்ள விதைநெல் ஊதி நெரிபடுமே, அப்பிடியோ தம்பி?” என்று கேட்டார். நான் அரை மணித்தியாலம் தேடிய சொல் அவர் வாயில் இருந்தது. ஆகவே ‘இதய நெரிப்பு’ என்பதே என் முன்மொழிவு. ‘இதய அமுக்கம்’ பொருந்தாது. நம் பாடநூல்களில் அமுக்கம் என்பது ‘பிரஷர்’தான், குருதி அமுக்கத்தோடு மயங்கும். ஹார்ட் புளொக்குக்கு, உயிரியலில் மின்சைகைக்குப் பழகிய ‘கணத்தாக்கம்’ என்ற சொல்லைக் கொண்டு ‘கணத்தாக்கத் தடை’ எனலாம்.

படிவத்தில் இவற்றுக்கு ‘பக்கவிளைவுகள்’ என்று தலைப்பிட்டிருந்தது. அது மருந்துக்குரிய சொல். இங்கே ‘சிக்கல்கள்’ போதும்.

ஒரு தயக்கம் எனக்கும் உண்டு. கவ்வி கழுத்து வழியே போவதால், ‘நெரிப்பு’ என்று தனியே கேட்பவர் கழுத்தை நெரிப்பதாக எண்ணிக் கலங்கலாம். அதனால் ‘இதய’ என்ற அடையை எங்கும் விடாமல் எழுத வேண்டும். இதைவிடத் தெளிவான சொல் உங்களிடம் இருந்தால், படிவத்தைத் திருத்தி அனுப்புமுன் அறியத் தாருங்கள்.