சித்தியின் மூன்றாம் அத்தியாயம்

சித்தி: என் துப்பறியும் கதையின் மூன்றாம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் படித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

தம்பி: படித்தேன் சித்தி. கவுன்சிலரைக் கொன்றது மன்றத் தலைவர்தானே? வந்த முதல் காட்சியிலேயே மிரட்டுகிறார், அதிலேயே தெரிந்துவிடுகிறது. இன்னொரு சந்தேகம். போலீஸ் இருக்கும்போது செத்தவரின் தம்பி மனைவி எதற்குத் துப்பறிய வேண்டும்?

அண்ணி: சித்தி, எனக்கு ஓர் இடம் உறுத்துகிறது. டாக்டர் காலையில் வந்து உடலைத் தொட்டுப் பார்த்ததும் "நேற்று இரவு 7:40க்கு உயிர் போயிருக்கிறது" என்கிறார். அப்படி நிமிடக் கணக்காக யாராலும் சொல்ல முடியாது. தாடையிலும் கழுத்திலும் விறைப்பு தொடங்கவே பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் ஆகும், உடம்பு முழுக்கப் பரவ ஏறக்குறைய 12 மணி நேரம், அதுவும் வெப்பம் அதிகமென்றால் சீக்கிரம் வரும், குளிரென்றால் தள்ளிப்போகும். "மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் இருக்கலாம்" என்று சொல்ல வையுங்கள்.

அண்ணி: அப்புறம் உடல் குப்புறக் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தபின் ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கி ஊதாத் திட்டாகத் தேங்கும். சில மணி நேரத்துக்குப் பிறகு உடலைப் புரட்டினாலும் அந்தத் திட்டு இடம் மாறாது. முதுகில் திட்டு இருந்து உடல் குப்புறக் கிடந்தால் யாரோ பிறகு வந்து புரட்டியிருக்கிறார்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவள் அந்தத் தம்பி மனைவிதான், அவள் கண்ணிலேயே படட்டும்.

சித்தி: அட, இது எனக்குத் தெரியாதே. குறித்துக்கொண்டேன் அம்மா.

நான்: தம்பி கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கதைகளை எனக்குப் பிடித்ததே அந்தக் கேள்வியால்தான். 1856இல் கேட் வார்ன் என்ற பெண் அமெரிக்காவில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களுக்குப் பெண்கள் போய் ரகசியத்தைக் கேட்டு வர முடியும் என்று வாதாடி வேலை வாங்கினார். அவர் சம்பளத்துக்குத் துப்பறிந்தவர். ஆனால் அதே நியாயம்தான் கதைகளில் வந்த வீட்டுப் பெண்களுக்கும். அன்னா கேத்தரின் கிரீன் என்ற எழுத்தாளர் 1897இல் அமேலியா பட்டர்வொர்த் என்ற பெண்மணியை எழுதினார், பக்கத்து வீட்டில் நடந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்துத் தொடங்குகிறவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் 1927இல் ஒரு சிறுகதையில் வந்தார், 12 நாவல் வரைக்கும் போனார். யாரைப் பார்த்தாலும் தன் கிராமத்து ஆள் ஒருவரோடு ஒப்பிட்டுத்தான் அவர் எடைபோடுவார். போலீஸ் ஒரு வீட்டுக்குப் போய் மூன்று கேள்வி கேட்டால் மூன்றுக்கும் தயாரித்த பதில்தான் வரும். சித்தி கதையில் வரும் இந்தத் தம்பி மனைவி போய் உட்கார்ந்தால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது கேட்காமலேயே தெரிந்துவிடும்.

தம்பி: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொலையாளி தலைவர் என்பது ரொம்ப எளிது.

மாமா: நான் அந்த மாதிரி மன்ற அலுவலகத்திலேயே காலம் தள்ளியவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தங்கச்சி, நீ கூட்டத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஏரிக்கரை நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் தீர்மானம் அன்றைக்கு நிறைவேறியது என்கிறாய். கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது. வருகைப் பதிவேட்டில் எத்தனை கையொப்பம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். வராத உறுப்பினர் மறுநாள் வந்து கையெழுத்துப் போடுவதும், பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுபோய் வாங்கி வருவதும் உண்டு. அது தப்பு, ஆனால் நடக்கும்.

நான்: மாமா!! கதையே அதில்தான் இருக்கிறது. மாலை 6 மணிக் கூட்டத்துப் பதிவேட்டில் செத்தவரின் கையொப்பம் இருக்கட்டும். அதனால் எல்லோரும் அவர் 6 மணிக்கு உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறார்கள், தலைவரும் அதற்குப் பிறகுள்ள நேரத்துக்கு மட்டும் சாட்சி வைத்திருக்கிறார்.

அக்கா: கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாதா அவர் வரவில்லை என்று?

நான்: அக்கா, நான் சொல்ல வந்ததே அதுதான். அவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கே போகவில்லை. மறுநாள் கையெழுத்து மட்டும் போட்டவர்கள். "அவரைப் பார்க்கவில்லை" என்று ஒருவர் வாயைத் திறந்தால் "நீ அங்கே இருந்தாயா" என்ற கேள்வி வரும். கொலையில் ஒரு பங்கும் இல்லாதவர்கள், தங்கள் சின்னத் தப்பை மறைக்கப்போய்ப் பெரிய தப்பையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். சின்ன ஊர் அரசியல் கதைக்கு இவ்வளவு பொருந்தி வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன், எல்லோரிடமும் எல்லோருடைய பிடியும் கொஞ்சம் இருக்கிறது.

மாமா: நடக்கக்கூடியதுதான்.

சித்தி: ஆனால் கையொப்பம் போலி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணி: அவருக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கை நடுங்கும் என்று வையுங்கள். வெளியில் தெரியாமல் சமாளிக்கிறார், வீட்டில் பென்ஷன் படிவத்தை அவருக்காக நிரப்பித் தருவது இவள்தான். பதிவேட்டில் பழைய கையெழுத்து, ஒரு நடுக்கம் இல்லாமல் இருக்கிறது.

தம்பி: இது சூப்பர் அண்ணி.

அக்கா: வக்கீலாக ஒரு வேண்டுகோள். பதிவேட்டை அவள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. சினிமாவில் அப்படித்தான் செய்வார்கள். எங்கிருந்து எடுத்தது, நடுவில் யார் கையில் இருந்தது என்று நீதிமன்றத்தில் கேட்டால் அந்தச் சான்றே தள்ளாடும். பார்த்ததை இன்ஸ்பெக்டரிடம் சொல்லட்டும், அவர் முறைப்படி கைப்பற்றட்டும்.

சித்தி: எல்லாம் சரி. ஆனால் என் கதையில் அவளுடைய நாத்தனாரும் கவுன்சிலர் ஆயிற்றே, அடுத்த தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறவள். அவளும் மறுநாள்தான் கையெழுத்துப் போட்டாள் என்றாகிவிடுமே.

நான்: சித்தி, அதை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பக்கத்தை அவள் போலீசிடம் காட்டினால் கொலையாளி மாட்டுவான், கூடவே நாத்தனாரின் பதவியும் போகும். செத்தவர் அந்த நாத்தனாரின் சொந்த அண்ணன் வேறு. வழக்கு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். இவள் அதே வீட்டில், அதே மாமியாரோடு, அதே தெருவில் இருந்தாக வேண்டும், அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு அதே முகங்கள்தான் வாசலுக்கு வரும். தொழில்முறைத் துப்பறிவாளருக்கு இல்லாத பயம் இது. நிறையக் கதைகளில் கொலையாளியைக் கண்டுபிடித்த மறுநாள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவளுக்கு அது என்ன விலையில் கிடைத்தது என்று எழுதுங்கள்.

சித்தி: நாத்தனார் வில்லி இல்லை. அண்ணன்மேல் உயிராக இருந்தவள்.

அக்கா: அப்படியென்றால் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நாத்தனாரிடம் போகட்டும். "நீயே போய்ச் சொல்" என்று ஒரு நாள் தவணை கொடுக்கட்டும்.

தம்பி: அந்த ஒரு நாளில் நாத்தனார் தலைவருக்குச் சொல்லிவிட்டால்?

சித்தி: நான்காம் அத்தியாயம் கிடைத்துவிட்டது 🙏 தலைவரை அந்த முதல் காட்சியில் அமைதியான மனிதராக மாற்றிவிடுகிறேன். அண்ணா, தீர்மானப் புத்தகத்தில் யார் எழுதுவார்கள், யார் கையெழுத்துப் போட்டு முடிப்பார்கள், அதைக் கொஞ்சம் வாய்ஸ் மெசேஜில் விவரமாகச் சொல்லுங்கள்.

மாமா: பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன்.

அண்ணி: எனக்கு இரவு டியூட்டி, கிளம்புகிறேன். நாத்தனாரிடம் பேசும் காட்சியை எழுதியதும் குழுவில் போடுங்கள் சித்தி, இடைவேளையில் படித்துவிடுகிறேன்.